மொதல்ல எரிஞ்சது எது?

காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் மற்ற ஊர்களில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் குடியிருக்கும் அணுசக்தி நகரில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் ரெக்ஸின் பை என்ற கோலத்தில் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்பார். வணக்கம் கிடையாது. என்ன கோளாறு என்ற விசாரிப்பும் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்: "மொதல்ல எரிஞ்சது எது?"

கட்டடத்துக்கு ஒருவராவது இப்படி உண்டு. நான் சொல்லும் அங்கிள் பாளையங்கோட்டைக்காரர். 1982-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, கன்ட்ரோல் ரூம்களிலும் மீட்டர் அறைகளிலும் தலை நரைத்து, அறுபதில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். செய்தார், கார்கரில் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. ஆனால் மகளும் அதே மையத்தில் வேலைக்குச் சேர்ந்து இங்கேயே வீடும் கிடைத்துவிட்டதால், பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடும் பொறுப்பில் திரும்பி வந்துவிட்டார். பஸ் போனபிறகு சாயங்காலம் வரை அவருக்கு உத்தியோகம் இல்லை. வாழ்நாள் முழுக்க அலாரம் பார்த்த கண், பார்க்கிங்கில் அலாரம் தேடி அலைகிறது.

இந்த ரகத்தார் வருஷங்களை உலைகளை வைத்துத்தான் சொல்வார்கள். அங்கிளின் மகள் பிறந்தது துருவா ஃபுல் பவர் வந்த வருஷம்; அதாவது 1988. அவளுக்குக் கல்யாணம் ஆனது சைரஸை மூடிய மூன்றாவது வருஷம். அதை நாம்தான் 2013 என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மாமி பிறந்த தேதியைக் கேட்டால் மட்டும், "அதைப் பத்திப் பேச நமக்கு அனுமதி கிடையாதுல்லா" என்று அலுவலக ரகசியம்போல் நழுவிவிடுவார்.

அவருடைய கேள்வியில் விஷயம் இல்லாமல் இல்லை. கன்ட்ரோல் ரூமில் சுவர் நிறையக் கண்ணாடி ஜன்னல்கள் மாதிரி அலாரங்கள் இருக்கும். ஒரு பம்ப் நின்றால் அடுத்த விநாடிக்குள் முப்பது ஜன்னல் எரியும். அழுத்தம் குறைந்தது ஒரு ஜன்னல், ஓட்டம் குறைந்தது ஒரு ஜன்னல், சூடு ஏறியது இன்னொன்று. எல்லாம் உண்மைதான். ஆனால் முதலில் எரிந்ததுதான் காரணம், மற்ற இருபத்தொன்பதும் விளைவு. அதனால் முதலில் எரிந்தது எது என்று தனியாகக் காட்டுவதற்கென்றே அங்கே ஏற்பாடு உண்டு. கார்க் கம்பெனிக்காரன் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை என்பது அங்கிளுக்குத் தீராத வருத்தம்.

இன்னொரு சித்தாந்தம், மூன்றில் இரண்டு. உலையில் முக்கியமான ஒன்றை அளக்க மூன்று மீட்டர்கள் தனித்தனியே இருக்கும். இரண்டு மீட்டர் ஆபத்து என்றால் உலை தானாக நிற்கும். ஒன்று மட்டும் கத்தினால் அந்த மீட்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாமிக்கு இது நன்றாகப் புரிந்திருக்கிறது. வீட்டில் எந்தத் தீர்மானத்திலும் மாமியும் மகளும் ஒரு பக்கம். கத்துகிற மூன்றாவது மீட்டர் யார் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

லிஃப்டின் மாடி எண் இமைத்தால் அதில் இரண்டு தடவை மேலும் கீழும் போய்வருவார். செட்டா நகர் முருகன் கோயிலில் சீரியல் பல்பு விட்டு விட்டு எரிந்தால், கண்ணை மூடிக் கும்பிடுகிறவர்களுக்கு நடுவே இவர் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். செம்பூர்க் கச்சேரி ஒன்றில் வித்வான் காம்போதியை விஸ்தாரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் குனிந்து, "ஐம்பது ஹெர்ட்ஸ் கேக்கு பாருங்க, எர்த் லூப்" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் அதை ஏதோ அபூர்வ பிரயோகம் என்று நினைத்து, "பலே!" என்று தலையாட்டினார்.

இப்படிப்பட்டவர் வாழ்வில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது.

எதிர்க் கட்டடத்துத் தம்பிக்கு பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் நல்ல வேலை. பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கினான். இரண்டே கதவு, இரண்டே ஸீட், பட்டனை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போகும். அணுசக்தி நகரில் அதை ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு தேய்ந்து ஒரு முனகல் எழும். அதைத் தவிர்ப்பதற்காகத் தம்பி வண்டியைச் சாய்வாகத் திருப்பி ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் ஏற்றுவான். வாக்கிங் போகிற பெரியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மழை பிடித்ததும் ஆரம்பித்தது தொல்லை. சயான் - ட்ராம்பே ரோட்டில் போகும்போது திடீரென்று நாலு விளக்கு: என்ஜின், ஏ.பி.எஸ்., ட்ராக்‌ஷன், ஸ்டீயரிங். இரண்டு நிமிஷம் எரியும், வண்டியை நிறுத்திக் கிளப்பினால் மூன்று போய்விடும், என்ஜின் விளக்கு மட்டும் இன்னும் சில ஓட்டம் கழித்துப் போகும். ஒரு வாரம் ஒன்றும் இருக்காது. மறுபடி நாலும் எரியும். சர்வீஸ் சென்டர் வாசலில் மட்டும் எரியவே எரியாது. அங்கே ஸ்கேனரைச் செருகினார்கள், யு 0121 என்று கோட் வந்தது, ஏ.பி.எஸ். யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் ஒன்றரை லட்சம்.

எஸ்டிமேட் தாளை அங்கிள் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"யு 0121-ன்னா என்ன தம்பி?"

"ஏ.பி.எஸ். போச்சுன்னு சொன்னாங்க அங்கிள்."

"கோட் அப்படிச் சொல்லலையே. ஏ.பி.எஸ்.கூடப் பேச்சுவார்த்தை நின்னு போச்சுன்னுதான் சொல்லுது. எங்க மச்சான் எங்கிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சு. ஆளு செத்தா போயிட்டான்? ராஜபாளையத்துல கல்லு மாதிரி இருக்கான்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் எல்லாம் இரண்டே கம்பிகளில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட கேன் என்ற ஏற்பாடு அது. ஒரு கணினி பதில் சொல்லாவிட்டால் மற்றவை அதன்மேல் புகார் எழுதிவைக்கும். யு என்று ஆரம்பிக்கும் கோட் பெரும்பாலும் அந்த மாதிரிப் புகார்தான். புகார் எழுதியவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு, புகாருக்கு ஆளானவரைத் தூக்கிலே போடுவது அங்கிளுக்குப் பிடிக்காது.

"சரி, நாலு லைட்டும் ஒண்ணா எரியுதுங்கே. செக்‌ஷன்ல நாலு பேரு ஒரே நாள்ல லீவு போட்டா, நாலு பேருக்கும் தனித்தனியா காய்ச்சல்னா நினைப்போம்? முந்தின நாள் கேன்டீன்ல என்ன போட்டாம்னுதானே பாப்போம்? நாலுக்கும் பொதுவா என்ன இருக்கு? கரன்டு வார வழி, போற வழி. அதைப் பாரு மொதல்ல."

இதைச் சொல்லிவிட்டு உடனே பார்த்தாரா என்றால், இல்லை. பார்த்தால் வேலை முடிந்துவிடுமே! முறைப்படி ஆரம்பித்தார். ரெக்ஸின் பையிலிருந்து பழைய டைரி ஒன்று வந்தது. எந்தத் தேதி, எந்த இடம், என்ன வேகம், மழையா வெயிலா, ஏ.சி. ஓடியதா, பாட்டு ஓடியதா, என்ன பாட்டு என்று பத்தி பிரித்துக் கோடு போட்டார். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முள் ஸாக்கெட்டில் ஆறாவது முள்ளுக்கும் பதினாலாவது முள்ளுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 60 ஓம் காட்டியது. அந்த இரண்டு கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் வீதம் இருந்தால் அப்படித்தான் காட்ட வேண்டும். "கம்பியில தப்பு இல்ல" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தம்பி பொறுமையிழந்து, "எல்லாக் கோடையும் அழிச்சிட்டுப் பாப்போமா அங்கிள்? ஃபோன்லேயே ஆப் இருக்கு" என்றான். அங்கிள் முகத்தில் அப்படி ஒரு வலியை நான் பார்த்ததில்லை. கோட் விழுந்த நொடியில் வேகம் என்ன, என்ஜின் சூடு என்ன என்பதையும் வண்டி சேர்த்துக் குறித்துவைக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். கொலை நடந்த வீட்டை ஃபினாயில் ஊற்றிக் கழுவலாமா என்று கேட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல துருவாவுக்குப் போனார். 1985 ஆகஸ்டில் உலை உயிர்பெற்றது, எரிபொருள் கட்டுகள் அதிர ஆரம்பித்தன, மாற்றங்கள் செய்து 100 மெகாவாட்டைத் தொட 1988 ஆகிவிட்டது. "நாங்க ரீசெட் பட்டனை அமுக்கிட்டா உக்காந்திருந்தோம்?" என்று கேட்டார். இருபத்தெட்டு வயசுப் பையன் அதற்கு என்ன பதில் சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை காலை ட்ரையல் ரன். அந்தக் காரில் பாட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் நெகட்டிவ் முனையில் ஒரு ஒயர், வண்டியின் உடம்பில் ஒரு ஒயர், இரண்டையும் ஸீட்டுக்கு மேலாக இழுத்து மடியில் வைத்திருந்த மீட்டரில் சேர்த்தார். டிஜிட்டல் மீட்டர் இல்லை. முள் ஆடுகிற பழைய மோட்வானே. டிஜிட்டல் மீட்டர் ஒரு கணத்துக்குள் வந்துபோவதைச் சராசரியாக்கி மறைத்துவிடும், முள்ளுக்கு அந்த நாகரிகம் தெரியாது என்பது அவர் கட்சி. டேஷ்போர்டைப் படம் பிடிக்க ஒரு ஃபோனை ஒட்டினார். கூரையைத் திறக்கச் சொன்னார், வெளிச்சத்துக்காக. குரங்குக் குல்லாயும் மடியில் மீட்டருமாக அங்கிள் ஸ்போர்ட்ஸ் காரில் கேட்டைத் தாண்டியபோது காவலுக்கு நின்றவர் சல்யூட் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கினார்.

பாஞ்சரபோளில் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறினார்கள். மேம்பாலத்தில் துண்டும் துண்டும் சேருகிற இடங்களில் சக்கரம் தடக் தடக் என்றது. தம்பி சாலையைப் பார்க்க, அங்கிள் முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. திடீரென்று ஒரு தடக்கில் முள் துள்ளி ஒரு வோல்ட்டைத் தாண்டி விழுந்தது. பத்தில் ஒரு வோல்ட்கூடக் காட்டக் கூடாத இடம் அது. அதே சமயம் டேஷ்போர்டில் நாலு விளக்கும் ஏறின. "வந்துட்டுலே!" என்று அங்கிள் போட்ட சத்தத்தில் தம்பி பிரேக்கை மிதித்துவிட்டான். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது முதலில் எரிந்தது ஸ்டீயரிங் விளக்கு. வண்டியிலேயே அதிகக் கரன்ட் கேட்பவர்களில் ஒருவர் அவர். பட்டினி முதலில் அவருக்குத்தான் தெரியும்.

டிக்கி விரிப்பைத் தூக்கினால், பாட்டரியிலிருந்து உடம்புக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட் பெயின்ட்மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் பச்சைக் களிம்பு. மும்பையின் உப்புக் காற்றும் கூரை ஓரத்தில் கசிந்த மழையும் சேர்ந்து செய்த காரியம். உப்புத்தாளால் தேய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பானரால் முடுக்கி, வாஸ்லின் தடவினார். செலவு, மாமியின் வாஸ்லினில் ஒரு விரல்.

தம்பி காலில் விழாத குறை. அங்கிளோ மறுபடி ஸ்பானரை எடுத்து, முடுக்கிய போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அங்கிள்! என்ன பண்றீங்க?"

"லூஸ் பண்ணினா திரும்ப எரியணும்லா? எரிஞ்சாத்தான் இதுதான் காரணம்னு அர்த்தம். இல்லேன்னா நம்ம நல்ல நேரம்னு அர்த்தம்."

எரிந்தது. திரும்ப முடுக்கினார், நின்றது. என்ஜின் விளக்கை மட்டும் கையால் அணைக்க விடவில்லை. கோளாறில்லாமல் மூன்று ஓட்டம் ஓடினால் வண்டியே அதை அணைத்துக்கொள்ளும், அணைத்தது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு விளக்குகளுக்கு மட்டும் அங்கிள் விசாரணை வைப்பதில்லை. சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்கச் சொல்வார். என்ஜின் விளக்கு இமைத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்வார். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பொசுக்கிவிடும். அப்போது டைரி பையைவிட்டு வெளியே வராது.

போன மாதம் தம்பி காரை விற்கத் தீர்மானித்தான். வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், விலை படிந்தது. அங்கிள் வந்து, வண்டியின் முழுச் சரித்திரமும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் டைரியின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். வாங்க வந்தவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார்.

ஆகையால், விட்டு விட்டு எரிகிற விளக்கா, யோசிக்காமல் அங்கிளிடம் போங்கள். ஒன்றரை லட்சம் மிச்சம். வண்டியை விற்பதாக இருந்தால் மட்டும், அவர் பேரனை பஸ் ஏற்றப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து விற்றுவிடுங்கள்.