படம் காட்டுகிறார்கள்

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சின்னக் குன்றின் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் இருக்கிற திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வந்து குவிகிற கூட்டத்துக்கு இந்த விளக்கம் தேவையில்லை. வெளியூரிலிருந்து பேச வருகிறவர்களுக்குத் தேவை.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ பற்றி ஒரு கூட்டம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய பூச்சி, எங்கள் தோப்புகளையும் விட்டுவைக்கவில்லை. அதனால் சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. பேச வந்த இளைஞர் ஒயரைச் செருகினார், பிடுங்கினார், மறுபடி செருகினார். திரையில் முதலில் வந்தது அவர் வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கேக். அடுத்து, ‘திருவண்ணாமலை விவசாயிகளே வருக’. பின்னணியில் அண்ணாமலையார் கோயில், மலை உச்சியில் மகாதீபம். முன்வரிசைப் பெரியம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நம்ம மலை எப்பய்யா இம்புட்டு உசரமாச்சு?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இளைஞர் காதில் விழவில்லை. அவர் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

பேசிக்கொண்டிருந்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வாசித்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரிந்தவர்கள் அவருக்கு முன்னாலேயே படித்து முடித்துவிட்டுக் காத்திருந்தோம். தெரியாதவர்களுக்கு அந்த எழுத்தே எதற்கு? கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் பேராசிரியர் இதைச் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் புரிகிறதாம். சொல்வதையே எழுத்தாகவும் கூடவே ஓடவிட்டால் புரிவது குறைகிறதாம். எங்கள் கூட்டத்தில் குறையவெல்லாம் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், விளக்கை அணைத்து, ஃபேனையும் போட்டுவிட்டார்கள். மொத்தமாகவே நின்றுபோனது.

பவர்பாயிண்ட் மேல் எனக்குப் பகை இல்லை. 1987இல் ராபர்ட் காஸ்கின்ஸ் குழுவினர் அதை வெளியிட்டபோது அது மெக்கிண்டாஷில் மட்டும் ஓடும். வண்ணமே கிடையாது, கறுப்பு வெள்ளைதான். அன்று அது அடக்கமான பிள்ளை. எழுத்து பறந்துவந்து விழும் வித்தையெல்லாம் பிறகு பழகிக்கொண்டது. இங்கே ‘நீர் மேலாண்மை’ என்ற தலைப்பு ஒவ்வோர் எழுத்தாகச் சுழன்று வந்து உட்கார்ந்தது. ‘ர்’ மேலே புள்ளி வந்து சேர்வதற்குள் ஒரு மரத்தில் ஏறி இளநீர் வெட்டி இறங்கியிருக்கலாம். அதுவும் வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து!

எனக்கு எங்கள் ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஞாபகம் வந்தார். பக்கத்துச் சிவகாசியில் அச்சடித்த சார்ட் ஒன்றைச் சுருளோடு கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார். இருதயம்: பாதி சிவப்பு, பாதி நீலம். கையில் பிரம்பு. நுனி படத்தில் இருக்கும், கண் எங்கள் மேல் இருக்கும். அந்தப் பிரம்புக்கு வேறு உபயோகமும் உண்டு என்பதால் நாங்களும் கண்ணை எடுக்க மாட்டோம். நீல ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று சொல்லி முடித்ததும் படத்தைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிடுவார். அதற்கப்புறம் பார்க்க அவர் முகம்தான். இன்றைய ஸ்லைடுகளுக்குச் சுருளத் தெரியவில்லை.

கூட்டத்தைக் காப்பாற்றியது கரண்ட். போய்விட்டது.

இளைஞர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். யாரோ தோப்பிலிருந்து கொண்டுவந்திருந்த ஓலையைத் திருப்பிப் பிடித்தார். அடிப்பக்கம் கோலமாவில் சுழித்ததுபோல் வெள்ளை வட்டங்கள். ஈ முட்டையிட்ட தடம். கீழ் ஓலையில் விரலைத் தேய்த்துக் காட்டினார், கரி ஒட்டியது. ஈ கழிக்கிற தேன் போன்ற திரவத்தில் வளர்கிற பூசணம் அது. “மரத்துக்குச் சீக்கு இல்ல ஐயா, மேல அழுக்குதான்.” ஓலையை உதறினார், பறந்தவற்றில் பாதி, விளக்கெண்ணெய் தடவிய அட்டையில் போய் ஒட்டிக்கொண்டன. மஞ்சளுக்கு மயங்கும் சாதி அது. அந்த ஸ்லைடுகள் யாருக்காகத் தயாரிக்கப்பட்டவை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூங்கியவர்கள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். “அட்டைய விட்டுட்டுப் போறீகளா சார்?” என்று கேட்டு ஒருவர் கையோடு வாங்கியும் கொண்டார்.

ஒரு குறை மட்டும் மிச்சம். ஸ்லைடில் இரண்டு பூச்சிப் படங்கள் வந்தன. ஒன்று வெள்ளை ஈ, மற்றது அதை அழிக்கிற என்கார்சியா என்ற குட்டிக் குளவி. கீழே ‘படம் 1’, ‘படம் 2’ என்று மட்டும் போட்டிருந்தது. எது களவாணி, எது காவல்காரன்? மருந்தடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா?

படத்துக்குக் கீழே பெயர் எழுதாததால் வரும் வம்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. அரசு முத்திரையில் இருக்கிற கோபுரத்தை 1949இல் ஓவியர் கிருஷ்ண ராவ் வரைந்தார். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்கிறோம் நாங்கள். மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரம் என்கிறார்கள் மதுரைக்காரர்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் டீ ஆறிவிடும். படத்துக்குக் கீழே எழுத்து இல்லாமலில்லை. ‘வாய்மையே வெல்லும்’ என்று இருக்கிறது. எந்த ஊர் வாய்மை என்றுதான் போடவில்லை.