பந்தியில் பாதி: சர்க்கரை நோயாளர்தம் இனிப்புப் பகுப்புமுறை – ஓர் ஆய்வு

அறுபதைக் கடந்த சர்க்கரை நோயாளர் கல்யாணப் பந்தியில் இனிப்பை எதிர்கொள்ளும் முறையைத் தமிழாய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. கருத்தரங்கு தோறும் மதிய உணவின்போது இதற்கான தரவுகள் இலை இலையாகக் குவிகின்றன. ஆனால் பேராளர்கள் அவற்றைத் தின்றுவிட்டே மேடை ஏறுகிறார்கள். ஆய்வுக்களமும் சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களை ஐவகைப்படுத்தலாம்.

அ. முழுமறுப்பார்: கள ஆய்வில் எவரும் கிடைக்கவில்லை.

ஆ. பிரசாதவாதியார்: கோயில் சர்க்கரைப் பொங்கல் கணக்கில் வராது என்பார். நெய் வழியும் தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் குற்றம் நீங்கும்.

இ. வெல்லவாதியார்: சீனி விஷம், வெல்லம் மருந்து என்பார். வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தானே என்றால், “அதெல்லாம் இங்கிலீஷ் மருந்துக்காரன் கிளப்பிவிட்டது” என்பது மறுமொழி (எதிர்வீட்டு மாமா, திண்ணை உரைகள், காபிக்கு முன்).

ஈ. மாத்திரைவாதியார்: “ராத்திரி ஒண்ணு சேர்த்துப் போட்டுக்கிட்டாப் போச்சு” என்பார். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ இடமுண்டாகையால் இவ்வகையினரை நெடுங்காலம் ஆராய இயலாது.

உ. பாதியார்: இவரே இவ்வாய்வின் தலைவர்.

பரிமாறுபவர் ஜாங்கிரித் தட்டோடு வருகிறார். பாதியார் இலைமேல் கையை விரித்து மறைக்கிறார். விரல்களுக்கிடையே ஒரு ஜாங்கிரி நுழையுமளவு இடைவெளி இருப்பது உற்று நோக்கத்தக்கது. “வேண்டாம்ப்பா, சுகர்… சரி, பாதி வை.” பந்தியில் பாதி ஜாங்கிரி வைக்கும் வழக்கம் கிடையாது. எனவே முழுதாக விழுகிறது. பாதியார் அதைப் பிட்டு, ஒரு பாதியை அப்பளத்துக்குப் பின்னால் ஒதுக்குகிறார். மனைவியார் பார்க்கிறார். “பாதிதான்” என்று காட்டப்படுகிறது. இதனை முதற்பாதி நிலை என்க.

ரசம் முடிந்து மோர் வருவதற்குள் அப்பளம் நொறுங்கிவிடுகிறது, ஒதுக்கியது வெளிப்படுகிறது. அதனிலும் பாதி, பின் அதனிலும் பாதி என அரை, கால், அரைக்கால், வீசம் வரை பகுப்பு செல்கிறது. ஒவ்வொரு முறையும் உண்டது பாதியே. இவ்வாறே பகுத்தால் ஜாங்கிரி ஒருபோதும் தீராது என்பது கணிதம். இலையைப் பார்த்தால் தீர்ந்திருக்கிறது என்பது காட்சி. இம்முரணை விளக்க எழுந்த கொள்கைகள் இரண்டு. மீதி வீணாகக் கூடாது என்பதால் உண்ணப்பட்டது என்பது ஒரு கட்சி (இரண்டாம் பந்தி, மூன்றாம் வரிசை, நான்காம் இலை, வலது ஓரம்). பக்கத்து இலைக்காரர் எடுத்திருக்க வேண்டும் என்பது மறுகட்சி (மேற்படி பந்தி, ஐந்தாம் இலை, இதனை வன்மையாக மறுக்கும் ஆறாம் இலை பாயசம் பட்டுச் சிதைந்துள்ளதால் பாடம் தெளிவில்லை, ஏழாம் இலை மூடப்பட்டுவிட்டது, அதன் ஆசிரியர் கைகழுவச் சென்றவர் பீடாத் தட்டருகே கடைசியாகக் காணப்பட்டார்).

ஒரே தரவைப் பிட்டு, ஒரு பாதியைக் கோவையிலும் மறுபாதியை மதுரையிலும் வாசித்து, மீந்த துணுக்கை ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூலாக்கும் பேராசிரியப் பெருமக்கள் இம்முறையைப் பாதியாரிடம் பயின்றார்களா, பாதியார் அவர்களிடம் பயின்றாரா என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. நெறியாளரும் கிடைப்பார்.

பாதியாருக்கு நோன்புக் காலம் ஒன்றுண்டு. பரிசோதனைக்கு முந்தைய வாரம் பாகற்காய், வெந்தயம், இரு வேளை நடை எனத் தவம் புரிகிறார். வெறும் வயிற்று ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சு காய்வதற்குள் எதிர் ஓட்டலில் பொங்கல், வடை, “சர்க்கரை கம்மியா” ஒரு காபி. வெறும் வயிற்று அளவு 126ஐத் தொடாவிட்டால், பாதிக் கொள்கை அறிவியல்படி நிறுவப்பட்டதாக அறிவிக்கிறார் (மாமா, திண்ணை உரைகள், காபிக்குப் பின், திருத்திய பதிப்பு; அடுத்த பதிப்பில் மாமி இப்பகுதியை நீக்கியுள்ளார்).

இக்கொள்கைக்கு ஒரே இடையூறு எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதக் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவ்வளவு காலமும் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை அதிலேயே இருக்கிறது. கடைசி வாரப் பாகற்காயால் அதைப் பெரிதாக அசைக்க முடிவதில்லை. 6.5 விழுக்காட்டைத் தொட்டால் நோய் என்பது வரையறை; நோய் வந்த பலருக்கும் மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 7க்குள். முதியோருக்கு உடல்நிலை பார்த்துச் சற்றுத் தளர்த்துவதும் உண்டு. அந்தத் தளர்வை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர், ஜாங்கிரி அன்று.

ஆய்வு முடிபு: இலையில் எத்தனை பாதி என்று எண்ணுவது பாதியார் மட்டுமே. ரத்தம் பிரித்து எழுதுவதில்லை; அத்தனையையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது.