இருக்கட்டும், எதுக்காவது ஆகும்

எங்கள் வீட்டுப் பீரோவின் இடது கதவைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. முழங்காலால் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கைப்பிடியைத் திருக வேண்டும். இன்னொரு கை நடுத்தட்டுக்கு நேராக அணைபோடத் தயாராய் நிற்க வேண்டும். இது தெரியாமல், போன தை மாசம் என் நாத்தனார் துண்டு தேடித் திறந்துவிட்டார். அவர் தலைமேல் சரிந்தவை 41 ரவிக்கைத் துணிகள். எண்ணியது நானில்லை, என் வீட்டுக்காரர்.

அவர் கணக்குத் தணிக்கையில் 32 வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அக்காவுக்கு அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து நாலு பத்தி கோடு போட்டார்: தொடக்க இருப்பு, வரவு, வழங்கல், முடிவு இருப்பு. மீதித் தட்டுகளையும் பரணையும் எண்ணி முடித்தபோது மொத்தம் 143. வழங்கல் பத்தியில் ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே பதிவுதான்: 'கரித்துணி, 1.'

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹூப்ளியில் ஒரு தோழி வீட்டில் குவில்ட் என்கிற ஒட்டுப் போர்வை ஒன்றைப் பார்த்தேன். அங்கே அதைக் கவுதி என்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் கோதடி, வங்காளத்தில் காந்தா. நம் பாட்டிமார் பழஞ்சேலையை நாலாக மடித்து நூலோட்டிப் பிள்ளைக்கு விரித்தார்களே, அதுவும் இதன் ஒன்றுவிட்ட தங்கைதான். மதுரைக்குத் திரும்பியதும் மாமியாரிடம் விளக்கினேன்: துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, மறுபடி ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முதல்லயே முழுசாத்தானே இருந்துச்சு?" என்றார்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்டு கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டு நைந்த துணிகளைக்கொண்டு தைத்த போர்வைகள் இன்றைக்கு அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க தைச்சாங்க" என்றார்.

துணியை நான் தேடிப் போய்ச் சேர்க்கவில்லை. கொலு பார்க்கப் போனால் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய், அதன்மேல் ஒரு ரவிக்கைத் துணி. ஒன்பது நாளில் எப்படியும் 18 வீடு. துணி எண்பது சென்டிமீட்டர். என் வயதுக்காரிகள் முழங்கை வரை கை வைத்துத் தைக்க அது காணாது. அதனால் யாரும் தைப்பதில்லை, அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடக் கூடாதென்று என் மாமியார் அவர் பேரைத் துணி ஓரத்தில் பால்பாயிண்டால் எழுதிவைப்பார். 2019-இல் நாங்கள் எதிர்வீட்டுக்குக் கொடுத்த கிளிப்பச்சைத் துணி ஒன்று, மூன்று வருஷம் கழித்து, தல்லாகுளத்தில் ஒரு கொலுவில் என் மடிக்கே வந்து சேர்ந்தது. ஓரத்தில் மாமியாரின் கையெழுத்து, அதன்கீழே வேறு மூன்று பேர் கையெழுத்து. என் பாஸ்போர்ட்டில்கூட இத்தனை முத்திரை விழுந்ததில்லை.

நான் செய்தது ஒன்றுதான்: அந்தச் சுற்றை நிறுத்தினேன். குவில்ட் ஆசை வந்த நாளிலிருந்து, வீட்டுக்குள் வந்த துணி வாசலைத் தாண்டவில்லை. இருக்கட்டும், எதுக்காவது ஆகும்.

போதாததற்குத் தையல் கடைகள். புது மண்டபத்தில் திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். இடம் மாறினாலும் வெட்டித் துண்டுகள் மாறவில்லை. "யக்கா, ஒங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்று ஒருவர் பையை நீட்டும்போது வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. வெளிநாட்டில் குவில்ட்காரர்களுக்கென்றே 18-க்கு 22 அங்குலத்தில் துணி வெட்டி விற்கிறார்கள். அங்கேயும் வாங்கியதெல்லாம் தைக்கப்படுவதில்லை போலிருக்கிறது. அளவுமீறிச் சேர்த்த துணிக்கு அவர்களே 'சேபிள்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயுசு முடிந்தாலும் தைத்து முடியாத இருப்பு என்பது அதன் விரிவு. தெரியாத்தனமாக இதை வாய்விட்டுப் படித்துவிட்டேன். வீட்டுக்காரர் நோட்டின் அட்டையில் அதையே தலைப்பாக எழுதிவிட்டார்.

சேர்த்ததைப் பராமரிப்பது தனி உத்தியோகம். பாச்சை உருண்டை போட்டால் எனக்குத் தும்மல், போடாவிட்டால் பூச்சிக்குக் கொண்டாட்டம். வேப்பிலையும் வசம்பும் வைத்துச் சமாளிக்கிறேன். அதைவிடப் பெரிய வேலை ரகம் பிரிப்பது. ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, கறுப்பாக, உருண்டையாகக் கெட்டிப்படும். அச்சு அசல் கடுகு. ஒரு சனிக்கிழமை காலை அடுப்படியில் உட்கார்ந்து இப்படி 85 கடுகு எடுத்தேன், ஒரு சின்னக் கிண்ணத்தில் சேர்த்தேன். ரசம் தாளிக்க வந்த வீட்டுக்காரர் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். எண்ணெய்க்கும் அதற்கும் நாலு விரல்கடை இருக்கும்போது கையைப் பிடித்தேன்.

மிச்சம் 58 அசல் பருத்தி. அடுத்தது சாயம். சுங்குடித் துண்டுகளை, அதிலும் அந்தச் சிவப்பை, நனைத்துப் பார்க்காமல் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் முதல் சலவையில் போர்வை முழுக்க ஹோலிப் பண்டிகை. 1960-களில் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை அமெரிக்காவில் 'சாயம் போகும், உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலப்பதுதான் அதன் அழகாம். வீட்டுக்காரரின் பனியன் ரோஜா நிறமாகிக் கொடியில் தொங்கிய அன்று இந்த வரலாற்றை எடுத்துச் சொன்னேன். அவர் அமெரிக்கர் இல்லை.

பிறகு அவரே கணக்குப் போட்டார். கட்டில் போர்வை 60-க்கு 90 அங்குலம். ஐந்தரை அங்குலச் சதுரம் வெட்டினால் தையலுக்குப் போக ஐந்து நிற்கும், ஆக 216 சதுரம். 36 அங்குலப் பன்னாவில் எண்பது சென்டிமீட்டர் துணிக்கு 30 சதுரம் தேறும். 58 துணிக்கு 1,740. எட்டுப் போர்வை, மீதி 12 சதுரம். "எட்டா?" என்று அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. மதுரையில் போர்வைக்கு வேலை மார்கழி விடியலில் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் நான் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் கத்திரிக்கோலை எடுக்க எனக்கு நாலு மாசம் ஆயிற்று. நல்ல துணியை வெட்ட மனசு வரவில்லை. வெட்ட மனசு வருகிற துணி நல்லதாக இல்லை. அம்மாவின் அரக்குச் சுங்குடியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போடுவேன், தட்டி அழிப்பேன், மடித்து வைப்பேன். சேலையில் சுண்ணாம்பு ஏறியதுதான் மிச்சம். கடைசியில் அதை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு, பேர் எழுதிய கிளிப்பச்சையில் ஆரம்பித்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வீட்டுக்காரர் கக்கத்தில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஜவுளிக்கடையில் பழசாகிப்போன சட்டைத்துணி மாதிரிப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு துண்டு, கோடும் கட்டமுமாக. "தூக்கிப் போடப் போனாங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்." நோட்டின் வரவுப் பத்தியில் இதுவரை அது ஏறவில்லை.

இப்போது கூடத்துத் தரையில் 208 சதுரம் விரித்துக் கிடக்கிறது. நட்ட நடுவில் எட்டு இடம் காலி. அங்கே மாம்பழ மஞ்சள்தான் வேண்டும், வேறு எந்த நிறத்தை வைத்தாலும் மொட்டையாகத் தெரிகிறது. 143 துணியில் மாம்பழ மஞ்சள் ஒன்றுகூட இல்லை. பச்சை 37 இருக்கிறது. ஆகவே இந்த நவராத்திரிக்கு எனக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து ரவிக்கைத் துணி வைக்காதீர்கள். மாம்பழ மஞ்சளில், அசல் பருத்தியில் இருந்தால் மட்டும் வையுங்கள். எண்பது சென்டிமீட்டர் தாராளம்.