ரெண்டு ஸ்பேஸ் அண்ணன்

சாஃப்ட்வேர் கம்பெனியில் டீமுக்கு ஒருத்தர் இப்படி வாய்த்துவிடுவார். புரோகிராம் ஓடுகிறதா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். வரி சரியாக உள்ளே தள்ளி நிற்கிறதா, மேற்கோள்குறி ஒற்றையா இரட்டையா, பட்டியலின் கடைசியில் கமா உண்டா? இதுதான் முதல். எங்கள் ரெண்டு ஸ்பேஸ் அண்ணன் செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். கரண்ட் போனாலும் நெட் போனாலும் பதறாத மனுஷர். வரியை உள்ளே தள்ள ரெண்டு ஸ்பேஸ் விடாமல் யாராவது டேப் தட்டினால் மட்டும் போன் வந்துவிடும். "இன்னா தம்பி, சாப்பிட்டியா? அந்த நாற்பத்திரண்டாவது வரி..."

ஊருக்கு வந்தவர்களை அவர் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போக மாட்டார். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதுகூட அவரை அசைக்கவில்லை. "ராஜகிரி ஒரு உயரம், கிருஷ்ணகிரி ஒரு உயரம், சந்திரகிரி ஒரு உயரம். இன்னாப்பா ஸ்டைல் இது?" நேராகத் திருநாதர் குன்றுதான். பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். மேல் வரிசையில் 12, கீழ் வரிசையில் 12. அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். "எத்தனை பேர் செதுக்கினாங்களோ! ஒரே கான்ஃபிக்!" 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. தம் புல் ரிக்வெஸ்ட்டை யாரும் கண்டுகொள்ளாத நாட்களில் அண்ணன் அவரை நினைத்துக்கொள்வார். நடுநடுவே டீ மட்டும் குடிப்பார்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற அவர் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பெனியில் இருபது சொச்சம் ப்ராஜெக்ட். ஒவ்வொன்றிலும், வரிகளைச் சீர்படுத்தும் ப்ரெட்டியர் கருவியின் அமைப்புக் கோப்பை யாரோ காப்பியடித்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர் வேலையை விட்டுப் போனபின் ஆளுக்கொரு திருத்தம். ஒன்றில் வரிக்கு 80 எழுத்து, அடுத்ததில் 100, இன்னொன்றில் 120. (80 என்பது 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் கணக்கு. அட்டை போய்ச் சேர்ந்தது, கணக்கு போகவில்லை.) அண்ணன் அத்தனையையும் அழித்துவிட்டு, விதிகளை ஒரே பேக்கேஜாகக் கட்டி ஏற்றினார். இனி எந்த ப்ராஜெக்டிலும் அதன் பெயரை ஒரு வரியில் சொன்னால் போதும்.

விதிகளை முடிவுசெய்யக் கூட்டிய மீட்டிங்கில் டேப் கட்சியும் ஸ்பேஸ் கட்சியும் மோதிக்கொண்டன. அண்ணன் எழுந்தார். "1978இல எம்.ஜி.ஆர். அரசாணை போட்டு லை, னைக்கெல்லாம் இருந்த தும்பிக்கையை எடுத்தாரே, ஓட்டெடுப்பா நடத்தினாரு? கோ மொழிக்காரங்க கோஃபம்ட்னு ஒண்ணு குடுத்தாங்க, மாத்தறதுக்கு வழியே வைக்கல. சண்டை உண்டா?" அந்த கோஃபம்ட் டேப் பக்கம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். ரெண்டு ஸ்பேஸ் ஜெயித்தது.

அன்று ராத்திரியே எல்லா ப்ராஜெக்டையும், ப்ராஜெக்டுக்கு ஒரு கமிட்டாகச் சீர்படுத்தினார். விடிந்ததும் வினை. எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று கிட் பிளேமில் பார்த்தால், எங்கு பார்த்தாலும் அண்ணன் பெயர். என்றோ எவரோ எழுதிய வட்டிக் கணக்கு உதைத்தாலும் நடுராத்திரியில் தொண்டூருக்குத்தான் போன். "நான் தள்ளிதான்பா வெச்சேன், எழுதல!" யார் நம்புவார்கள்? இப்படிப்பட்ட கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விட கிட்டில் 2019இலிருந்தே வசதி இருக்கிறது என்று ஒரு பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கமிட் எண்களையும் அண்ணன் அகரவரிசையில் அடுக்கித்தான் வைத்தார்.

2023இல் ப்ரெட்டியரின் மூன்றாம் பதிப்பு வந்தது. கடைசிக் கமாவுக்கு அண்ணன் தனியாக விதி எதுவும் எழுதவில்லை, ப்ரெட்டியர் போக்கிலேயே விட்டிருந்தார். ப்ரெட்டியர் தன் போக்கை மாற்றிக்கொண்டது. பேக்கேஜை அந்தப் பதிப்புக்குப் புதுப்பித்த அன்று, இருபது சொச்சம் ப்ராஜெக்டிலும் புதுப்புதுக் கமா கேட்டு, எல்லா பில்டும் சிவப்பாக நின்றது. மேனேஜர் அலறினார். அண்ணன் மட்டும் திரையைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தீங்களா சார், ஒண்ணுகூட மாறாம எல்லாம் ஒரே மாதிரி ஃபெயில் ஆவுது!"