ஆள் போறான், போரான் போகாது

"போகும்போது என்னத்தை அள்ளிக்கிட்டுப் போகப் போறோம்?" போன வாரம் அனந்தபுரத்தில் பெரியம்மாவின் கருமாதிப் பந்தியில் இதைச் சொல்லாதவர் பாவம் செய்தவர். முதலில் ஆரம்பித்தவர் ஒன்றுவிட்ட அண்ணன். இலை எடுப்பதற்குள் பெரியம்மாவின் பித்தளை அண்டாவை டாடா ஏஸில் ஏற்றிவிட்டார். அள்ளிக்கொண்டு போக அவருக்குச் சாக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இந்த வசனத்தைக் கொஞ்சம் வேதியியலோடு பார்ப்போம்.

தனிம அட்டவணையில் மொத்தம் 118. ஒன்றுகூடக் கூட வராது. ஆள் போறான்; போரான் போவதில்லை. தங்கம் என்று பேர் வைத்தவர் பெரிய குசும்புக்காரர். எந்த வீட்டில் அது தங்கியிருக்கிறது? செஞ்சி அடகுக்கடையில் வேண்டுமானால் தங்கும். ஈயம் பங்காளிகளுக்கென்றே படைத்த உலோகம். எதைக் கேட்டாலும் "ஈயோம்". புதையலை நாகம் காக்கும் என்பார்கள். பித்தளையில் செம்போடு இருப்பது துத்தநாகம். அதுவும் சீறவில்லை, சமர்த்தாக வண்டியில் ஏறிக்கொண்டது. அண்டாவை ஆர் கண்டார் என்று கேட்டால் அண்ணன் ஆர்கான். எதனோடும் சேராமல் சும்மா நிற்கிறார். பந்தியில் ரசம் வரும்வரை விசும்பிய அண்ணி, பீரோ சாவி என்றதும் பாதரசம். நீயா நானா என்று மல்லுக்கு நின்ற இரண்டு சித்தப்பாக்களின் முகமும் நியான் விளக்காகச் சிவந்தது. ஜெர்மேனியம் பாக்கியிருக்கிறது. மனைவி முறைக்கிறாள்.

கொண்டுபோகப் பார்த்தவர்களும் உண்டு. ஆதிச்சநல்லூரில் நெற்றியில் கட்டும் பொன் பட்டம், இரும்பு ஆயுதம், வெண்கலப் பாத்திரம் எல்லாவற்றையும் செத்தவரோடு வைத்துப் புதைத்தார்கள். 1899இல் அலெக்சாண்டர் ரீ தோண்ட ஆரம்பித்தார். பட்டம் அப்படியே இருந்தது, போனது நெற்றிதான். இப்போது பட்டத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஜாகை. நாம் அதிலும் கஞ்சம்: நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. இரும்போடு கொஞ்சம் குரோமியம், அவ்வளவுதான்.

திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் இன்னும் மோசம். அங்கே செத்துப்போன மரங்களுக்குள் சிலிக்கா மெல்ல மெல்லக் குடியேறி, 2 கோடி ஆண்டுகளாக மரத்தின் கோலத்திலேயே கல்லாக உட்கார்ந்திருக்கிறது. சின்னச் சித்தப்பா பெரியம்மா வீட்டுக்குப் பாயும் தலையணையுமாக வந்துவிட்டார் என்று நேற்று கேள்விப்பட்டேன்.

என் கணக்கில் மிச்சம் என்ன என்று பார்த்தேன். மனித உடம்பில் சுமார் 4 கிராம் இரும்பு இருக்குமாம். அதற்குப் பங்கு கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "இரும்பு குறையுதே" என்கிறார். யார் எடுத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.