கேட்காமல் வந்த காதல் குறிப்பு

பட்டன் போன் காலத்தில் எண்பது வயதுப் பாட்டிமார்களுக்கும் தினமும் காலையில் காதல் குறிப்பு வந்தது. கிரிக்கெட் என்றால் சேனலை மாற்றும் தாத்தாவுக்கு ஓவருக்கு ஓவர் ஸ்கோர் வந்தது. கட்டணம் ஒன்றும் பெரிதில்லை, மாதம் முப்பது ரூபாய்தான். ஐம்பதுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டுக் கடைப்படி இறங்குவதற்குள் செல்போன் நிறுவனத்தார் கழித்துவிடுவார்கள்.

சேர்வது சுலபம். திரையில் திடீரென ஒரு பெட்டி முளைக்கும்; அதை விரட்ட 'ஓகே'யை அமுக்கினால் நீங்கள் சந்தாதாரர். நண்பருக்குப் போன் போடும்போது கை தவறி நட்சத்திரப் பொத்தானில் பட்டால் அவருடைய காலர் ட்யூன் உங்களுடையதும் ஆகிவிடும். விலகுவதுதான் தவம். தமிழுக்கு ஒன்று, சேவைகளுக்கு நான்கு, முந்தைய பட்டியலுக்குத் திரும்ப நட்சத்திரம் (மறுபடியும் நட்சத்திரம்!), கடைசியில் 'எங்கள் அதிகாரிகள் அனைவரும் பிஸி'.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2013 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது: வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்காமல் இத்தகைய கட்டணச் சேவையைத் தொடங்கக் கூடாது. நம் ஊரில் கல்யாணத்துக்கே ஒரு முறை கேட்டால் போதும். அதையும் எல்லா வீட்டிலும் கேட்பதில்லை. ஒரு ஜோக் எஸ்எம்எஸ்ஸுக்கு இரண்டு என்றால், அதற்கு முன் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் நிறுத்த 155223 என்று ஓர் இலவச எண்ணும் வந்தது. அதை விளம்பரப்படுத்த மட்டும் எந்த நடிகரும் டிவியில் வந்து ஆடவில்லை.