டிக்கி எங்கே போயிற்று?

கேள்வி: அம்பாசடரும் ஹெரால்டும் ஓடிய காலத்து அழகு இன்றைய கார்களில் இல்லையே, ஏன்?

பதில்: ஹெரால்டு அழகுதான். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்தது. அதை இங்கே சென்னையிலேயே தயாரித்தார்கள். அம்பாசடரையும் அதோடு சேர்த்துவிட்டீர்களே! 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு முகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு 2014 வரை ஓட்டினார்கள். அது அழகு அல்ல, பிடிவாதம்.

இன்றைய காரை வடிவமைப்பதில் வரிக்கும் பெரிய பங்கு உண்டு. 2006 முதல், நீளம் 4 மீட்டருக்குள் இருந்து இன்ஜினும் சிறியதாக இருந்தால் வரி குறைவு. 2012இல் டிசையர் காரின் டிக்கி நறுக்கப்பட்டது அதற்காகத்தான். நீளத்துக்குள் அடங்கிவிட்டால் உயரத்தை யாரும் கேட்பதில்லை. ஆகவே கார் மேல்நோக்கி வளர்கிறது. முன்பக்கம் போருக்குப் புறப்பட்ட மாதிரி முறைக்கிறது. போவதென்னவோ காய்கறிக் கடைக்கு.

உள்ளே இன்னும் மோசம். ஏசியைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது. ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு நிஜமான பொத்தானோ நெம்புகோலோ இல்லையென்றால் 2026 முதல் முழு மதிப்பெண் தரமாட்டோம் என்று ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் சொல்லிவிட்டது. நல்ல காரியம்.

கேள்வி: நம்மவர்கள் ஓட்டும் லட்சணம்?

பதில்: நாற்சந்தியில் நேராகப் போக நான்கு இண்டிகேட்டரையும் எரிய விடுகிறார்களே, அது வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவது. நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் வேண்டாம். இரவில் எதிரே வண்டி வந்தால் மட்டும் தயவுசெய்து டிம் அடியுங்கள்.